சூடு பார்க்கிற பெட்டி

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. லிந்துலை மாதா கோயில் படியில் முழந்தாளிட்டுச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். படி வழுக்காத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

எண்பத்தோராம் வருடத்து ஜூன் மழை அது. குடைக் காம்புகளே துளிர்விட்ட மழை! அந்த மழையில்தான் இராயப்பனின் இரும்பு வார்ப்புப் பட்டறைக்குள் ஒரு வாலிபன் ஓடிவந்து ஒதுங்கினான். தோளில் ஒரு பெட்டி, கையில் ஒரு பிளாஸ்க்... தலையிலிருந்து இறங்கிய ஒரு துளி இமை நுனியில் வந்து நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. இராயப்பனின் மகள் ஐவியும் யோசித்தாள். ‘ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீள இமை...’

அவன் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது பிளாஸ்க்கைத் திறந்தாள். குபுகுபுவென்று வெள்ளைப் புகை! பாவம், வெறும் வெந்நீரைக் குடித்துக்கொண்டு வந்திருக்கிறாரே... வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினால் தேயிலைத் தோட்டத்துக்கே அவமானம். புகைந்ததை வாசலில் கொட்டிவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியை ஊற்றி மூடினாள்.

“ஐயோ... அதக் கொட்டிட்டீங்களா?”

“வெந்நிதானே? அதுக்குப் போயி இப்படிக் கத்துறீங்க!”

“வெந்நி இல்லைங்க. திரவ நைதரசன். ஐஸவிடக் குளுரு.”

“குளுருன்னா ஏன் பொகையுது? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

அவன் பிளாஸ்க்கைக் கவிழ்த்துத் தட்டினான். தேத்தண்ணி பிளாஸ்க் வடிவத்திலேயே கட்டியாக விழுந்து, உருண்டு, பஸ் ரோட்டைத் தாண்டிப் போனது. இருவரும் அது போவதையே பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்... சிரிப்பை யார் தொடங்கினார்கள் என்பதில் மட்டும் இன்றுவரை தகராறு.

அவன் பெயர் இக்னேசியஸ். அக்கரப்பத்தனை லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவன். கொழும்புப் பக்கத்து இரும்பாலையில் வேலை. எங்கோ ஒரு பட்டறையில் வாளி பொத்துக்கொண்டு, உருகிய இரும்பு கொட்டியதைக் கேட்டுப் பயந்துபோன தோட்டத்துத் துரைதான் இவனை அனுப்பச் சொல்லியிருந்தார்.

“வாளிக்குள்ள பூசின களிமண்ணு ஒரு எடத்துல தேஞ்சிட்டா, வெளித்தகடு அங்க மட்டும் சூடேறும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. சூட்டுலேருந்து அகச்சிவப்புக் கதிர் வரும்ல, அத இந்தப் பெட்டி படமாக் காட்டும். சூடு கூடக் கூட வெள்ளையாத் தெரியும். நைதரசன் ஊத்திக் குளுர வச்சாத்தான் இதுக்குக் கண்ணு தெரியும். நல்ல காலம், இன்னொரு பிளாஸ்க் இருக்கு.”

பின்னால் இராயப்பன் நின்றிருந்தார். உருகின இரும்பை இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் ஒரு பார்வை, பிறகு ஒரு சிலுவைக் குறி. அவர் பட்டறையில் அப்படித்தான் ஊற்றுவார்கள்.

“தம்பி, எங் கண்ணு இன்னும் அவியல. பொட்டி சொல்லி நான் ஊத்துறதா? நாளைக்குக் காலையில ஒரு தடவ புடி, தொரைக்காக. ஒண்ணும் தெரியலன்னா பொட்டியத் தூக்கிக்கிட்டு மொத பஸ்ஸுல ஏறிடணும். மறுபடி இந்தப் பக்கம் வரப்படாது.”

‘மறுபடி வரப்படாதா...’ அன்று இரவு ஐவி ஜெபத்துக்கு முழந்தாளிட்டாள். வாளி பொத்துக்கொள்ளட்டும் என்று மாதாவிடம் வேண்ட முடியுமா? அப்பா அல்லவா பக்கத்தில் நிற்பார்! கேட்கவும் முடியாமல் கேட்காமலும் முடியாமல், ‘ஏதாவது பாத்து செய்யுங்க மாதாவே’ என்று பொதுவாக விட்டுவிட்டாள்.

காலையில் இக்னேசியஸ் கருவியை வாளிக்கு நேராகத் திருப்பிப் பிடித்தான். படம் விழும் திரைக்கு முன்னால் ஐவி உட்கார்ந்தாள். சாம்பல் நிறத்தில் வாளி அசைந்தது... அதன் அடியில், வலது பக்கம், வேப்பம்பூ அளவுக்கு ஒரு வெள்ளை. பார்க்கப் பார்க்கச் செவ்வந்தி ஆனது.

“அப்பா, எறக்குங்க! வலது பக்கம், அடியில!”

“பொட்டி சொல்லுதா?”

“நான் சொல்றேன்ப்பா!”

இராயப்பன் ஒரு கணம் நின்றார். பிறகு வாளியை மணலில் இறக்கச் செய்து விலகினார். வாளி பொத்துக்கொண்டது. இரும்பு மணலில் பாய்ந்து, அவருடைய முக்காலியை மட்டும் விழுங்கிவிட்டு அடங்கியது. யாருக்கும் ஒரு கொப்புளமும் இல்லை.

முக்காலி நின்ற இடத்தை இராயப்பன் ஒரு தடவை பார்த்தார். “பொட்டி ஒண்ணும் சொல்லல. எம் புள்ளதான் சொல்லுச்சு.” இக்னேசியஸின் பக்கம் திரும்பாமலே, “தம்பி, அடுத்த வார வார்ப்புக்கும் வந்துரு” என்றபடி வெற்றிலை போடப் போனார்.

கருவியின் முன்னால் நின்று இக்னேசியஸ் மூச்சு விட்டான். ஐவி திரையைப் பார்த்தாள்.

“ஒங்களுக்குக் காய்ச்சலா?”

“இல்லையே...”

“பின்ன ஏன் நெஞ்சுக்கிட்ட உருகின இரும்புக் கணக்கா வெள்ளையா இருக்கு?”

“எப்பவுமேவா?”

“நான் நிமிந்து பாக்கயில மட்டும் கூடுது...”

“அதான் பெட்டியே காட்டுதே.”

“எங்க குடும்பத்துல பொட்டி பேச்ச யாரும் கேக்க மாட்டோம். வாயால சொல்லுங்க.”

அவன் இமைகள் தாழ்ந்தன. “ஒங்களப் புடிச்சிருக்கு ஐவி... பிளாஸ்க்கக் கவுத்தப்பவே.”

“எனக்கு அதுக்கும் முந்தியே... அந்த மழத்துளி விழுறதுக்கு முன்னாடியே” என்றாள் ஐவி. வெளியே மழை நின்றிருந்தது, இருவரும் கவனிக்கவில்லை.

தையில் கல்யாணம். கருவியைத் திருப்பி அனுப்பக் கட்டியபோது, கொழும்பில் அதன் முன்பக்கக் கண்ணாடிமேல் போட்ட மூடி ஒரு தடவையும் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.