தளபதியின் முறை

கதவைத் திறந்ததுமே அண்ணி சொல்லிவிட்டாள். "சாமான் ஏத்துற வண்டி சாயங்காலம் வருது தம்பி. அதுக்குள்ள மாடி ரூமை ஒழிச்சுக் கொடுத்துடுங்க. எனக்கு அங்க ஏறவே கால் வரலை."

வெளியே காலையிலிருந்து விடாத மழை. பட்டப்பகலிலேயே கூடத்தில் விளக்கு எரிந்தது. சுவரெல்லாம் காலி. படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு நாற்காலி மிச்சமிருந்தது. அண்ணி தங்கை வீட்டோடு போய் இருக்கப்போகிறாள். இனி இந்த வீட்டில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

தம்பி என்று அவள் கூப்பிட்ட பல்செட், குடையை மடக்கி மூலையில் சாத்தினான்.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேபில் வேலை என்பதால், அண்ணியின் கணவர், இவனுடைய நெடுநாள் சிநேகிதர், சூட்டிய பட்டம் இது. பதிலுக்கு இவன் அவருக்குத் தளபதி என்று வைத்தான். அவர் பட்டாளத்து வாசலைக்கூட மிதித்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக். ஆனால் மாடி அறையில் அவருக்கென்று ஒரு படையே இருந்தது, ஒவ்வொரு வீரனும் சுண்டுவிரல் உயரத்தில்.

அதுதான் இருவருக்கும் பிடித்த பைத்தியம். குட்டிக் குட்டி வீரர்களை வாங்கி ஒட்டி, மெல்லிய தூரிகையால் வர்ணம் தீட்டி, மேஜைமேல் மலையும் ஆறும் செய்து, டேப்பால் அளந்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவது. ஒரு பொம்மையின் கண்ணுக்குள் வெள்ளை வைக்க இரண்டு தடிமாடுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அண்ணிக்கு எரிச்சல்தான் வந்தது. "என்னைக் கட்டினதுக்குப் பதிலா இவர் அந்த மேஜையையே கட்டியிருக்கலாம்" என்று அவர் காதுபடவே சொல்வாள். அவர் கீழே இறங்கி வருவதற்குள் போட்ட சாப்பாடு ஆறிப்போகும்.

போன மாதம் அந்த மேஜைமுன் உட்கார்ந்தபடியே தளபதி போய்விட்டார். மாரடைப்பு. சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே ஏறிப்போன அண்ணிதான் முதலில் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோங்க," என்றாள் இப்போது. "ஒண்ணுகூட என் கண்ணுல படக் கூடாது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மரப்படி ஏறும்போது வழக்கம்போல் முனகியது. அறைக்கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த காற்று முகத்தில் வந்து மோதியது. வர்ணம், பசை, அதற்கடியில் தளபதி முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி. லிஃப்ட் குழிக்குள் எப்போதோ விழுந்து அடிபட்ட கால் அது. நடக்கும்போது வலது செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார்.

மேஜை அப்படியே இருந்தது.

சாம்பல் மலை, பச்சை ஆறு, இடிந்த கோட்டை. கோட்டைக்குள் பல்செட்டின் ஆட்கள், நடுவில் அவர்கள் தலைவன், சுத்தியல் தூக்கிய மொட்டைத்தலையன். ஆற்றுக்கு அப்பால் தளபதியின் குதிரைப்படை. சிவப்புப் போர்வை போர்த்திய அவருடைய தலைவன் பாலத்தின்மேல் பாதி வந்து நின்றிருந்தான். அன்றைக்கு இவன் தன் முறையை முடித்துவிட்டுக் கிளம்பும்போது தளபதி தாடையைச் சொறிந்துகொண்டே, "போ, போ. வாரம் முழுக்க யோசிக்கப் போறேன். அடுத்த தடவை வா, உன் கதையை முடிக்கிறேன்," என்றார். அதற்கு அடுத்த தடவை இவன் வந்தபோது வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

அலமாரியிலிருந்த வீரர்களைப் பஞ்சு வைத்த பெட்டிகளில் அடுக்கினான். வர்ணப் புட்டிகளைக் கட்டினான். தூரிகைகளைத் துணியில் சுருட்டினான். மேஜைப் பக்கம் மட்டும் கை போகவில்லை. தொடங்கிய ஆட்டத்தைப் பாதியில் கலைக்கிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. ஒருவருடைய தலைவன் சண்டையில் சாய வேண்டும். இல்லையென்றால் ஆடுபவரே தன் தலைவனைப் படுக்கவைத்துத் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை மேஜையைத் தொட்டால் தளபதி கடித்துக் குதறிவிடுவார்.

வண்டி வந்துவிடும். வேறு வழியில்லை. ஆனால் வாரம் முழுக்க யோசித்து வைத்த மனிதருக்கு அந்த ஒரு முறையைக்கூட ஆடக் கொடுத்துவைக்கவில்லையே என்று பல்செட்டுக்குத் தோன்றியது. அவருக்காக இதை நானே ஆடி முடிக்கிறேன், மரியாதையாக முடித்துவிட்டு மடிக்கிறேன் என்று எண்ணினான்.

அங்கேதான் தப்பு நடந்தது.

கூட்டமாகச் சேர்ந்து ஆடிய காலத்திலிருந்து அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் வராவிட்டால் இன்னொருவர் அவருக்காக ஆடலாம். ஆனால் சும்மா எடுத்து உருட்டிவிடக் கூடாது. பகடையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அவர் வர்ற வரைக்கும் இது அவரோட கை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வராதவர் வந்து, "வந்துட்டேன்" என்று சொல்லிப் பகடையைத் திரும்ப வாங்கும்வரை அந்தக் கை அவருடையதுதான். யாரும் தில்லுமுல்லு செய்யக் கூடாதென்று தளபதியே கொண்டுவந்த சட்டம்.

பல்செட் தன் நாற்காலியில் உட்கார்ந்து தளபதியின் பழுப்புப் பகடைகளை எடுத்தான். பழகிப்போன வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அவர் வர்ற வரைக்கும் இது அவரோட கை."

சொல்லி முடித்த பிறகுதான் யாருக்காகச் சொன்னோம் என்பது உறைத்தது.

அதற்குள் கை உருட்டிவிட்டது.

மரத்தட்டில் பகடைகள் ஓடி நின்றன. உருட்டினோமா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. உள்ளங்கையில் பகடை இருந்தது தெரியவில்லை, விட்டது தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. உதறலாம் என்று நினைத்தான். கை உதறவில்லை. மேஜையோரம் கிடந்த டேப்பை எடுத்தது, கட்டைவிரலால் சட்டென்று இழுத்தது, பாலத்திலிருந்து கோட்டைவரை அளந்தது. சிவப்புப் போர்வைக்காரனை முன்னால் கொண்டுபோய் வைத்தது. வைத்துவிட்டு நகத்தால் அவன் தலையில் லேசாகத் தட்டியது.

அப்படித் தட்டுவது தளபதி.

அவர் ஒருவர்தான்.

பல்செட் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. எழுந்து ஓடலாமென்று பார்த்தான். கை மேஜையை விட்டு வர மறுத்தது. உடம்பு முழுக்க ஒரு பக்கம் நிற்க, கை மட்டும் வேறு ஆளுடைய கைபோல அங்கேயே கிடந்தது. மழைச் சத்தத்தையும் மீறித் தன் மூச்சு பெரிதாகக் கேட்டது அவனுக்கு. மெழுகைச் செதுக்கி மயிரிழை பிசகாமல் பல் வடிக்கிற கை இது. இது போனால் நாளைக்கு அவனுக்குப் பிழைப்பு ஏது?

வலது கை தட்டின் விளிம்பை விரலால் தட்டிக்கொண்டிருந்தது. சீக்கிரம் ஆடு என்று அர்த்தம்.

ஆட்டம் முடிந்தால் விட்டுவிடும் என்று தோன்றியது. இடது கையை நீட்டினான். பழக்கமில்லாத அந்தக் கை இடித்துக் கோட்டையிலிருந்த ஆட்கள் நாலைந்து பேர் சரிந்தார்கள். மொட்டைத்தலையனைத் தேடிப் பிடித்து மெதுவாகப் படுக்கவைத்தான்.

"தோத்துட்டேன்ணே," என்று கிசுகிசுத்தான். "நீங்கதான் ஜெயிச்சீங்க. விட்டுடுங்க."

விரல் தட்டுவது நின்றது.

பல்செட் கண்ணை மூடி மூச்சுவிட்டான். முடிந்தது என்றுதான் நினைத்தான். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்ததும் எழுந்து போகிற ஆளா தளபதி? அண்ணி கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும், "இதோ, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று உடனே அடுத்ததற்கு அடுக்க ஆரம்பித்துவிடுவாரே!

கண்ணைத் திறந்தபோது வலது கை சரிந்து கிடந்தவர்களை நிமிர்த்திக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகக் கோட்டைக்குள் வைத்தது. குதிரைகளை ஆற்றுக்கு அப்பால் வரிசையாக நிறுத்தியது. கடைசியில் மொட்டைத்தலையனை எடுத்து இவன் பக்கம் வைத்து, தலையில் லேசாகத் தட்டியது. பிறகு பகடைகளை அள்ளிக்கொண்டு காத்திருந்தது.

ஜெயித்தாலும் தோற்றாலும் இது விடாது. அவர் வர்ற வரைக்கும் இது அவர் கை. சொன்னது இவன் வாய்தானே?

அவர் வர வேண்டும்.

அழுகை வந்தது, வெட்கப்படவில்லை. அவர்மேல் இவனுக்கு உயிர். ஆனால் திரும்பி வரக் கூடாத இடத்திலிருந்து அவரைக் கூப்பிட யாருக்கு மனசு வரும்? கையைப் பார்த்தான். அதன் நகங்கள் நீலம் பாரித்துக்கொண்டு வந்தன.

"அண்ணே," என்றான். குரல் பாதிதான் வந்தது. "வாங்க. வந்து வாங்கிக்கோங்க."

மழை பெய்துகொண்டிருந்தது.

கீழே வாசல் கதவு திறந்தது.

"யாரது?" என்ற அண்ணியின் குரல். மறுபடி அவள் பேசியபோது அது கேள்வியாக இல்லை. என்னவோ முனகினாள், அவ்வளவுதான்.

செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்தது. ஒரு கால் பதிந்தது, ஒரு கால் தேய்ந்தது.

முதல் படி முனகியது.

பல்செட் திரும்பவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறி வந்தது அது. நிலைப்படியருகே நின்றது. தைல நெடி தலையைச் சுற்றவைத்தது. அவன் தோளை உரசினாற்போல் எதுவோ கடந்துபோக, எதிர் நாற்காலி பாரம் தாங்கிக் கிறீச்சிட்டது.

"வந்துட்டேன்."

ஏறி வந்த களைப்பு மட்டுமே அந்தக் குரலில் இருந்தது.

ஜில்லென்ற விரல்கள் அவன் உள்ளங்கையிலிருந்து பகடைகளைப் பொறுக்கின. ஜில்லென்று இருந்தது அவனுக்குத் தெரிந்தது. கைக்கு உணர்வு திரும்பிவிட்டது. எழுந்து, கண்ணைத் திறக்காமலே கதவைத் தடவிப் பிடித்து, விழுந்தடித்துக் கீழே ஓடினான்.

அண்ணி படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. பயம் மட்டும் இல்லை.

"அவர் செருப்பைப் பெட்டிக்குள்ள வச்சு நானே கட்டினேன்," என்றாள்.

"வாங்க அண்ணி. போயிடலாம்."

அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏறினது கேட்டுச்சு. இறங்குற சத்தம் கேக்கலையே தம்பி."

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அண்ணி வாசல் பக்கம் போகவில்லை. மிச்சமிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அதைத் திருப்பி அனுப்பிடுங்க."

"அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க."

"ஒரு மாசமா இந்த வீட்ல ஒரு சத்தமும் இல்லை," என்றாள். "எத்தனை நாள் அந்தச் சத்தத்தைத் திட்டியிருப்பேன். நீங்க கிளம்புங்க."

அவன் குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினான்.

அதன்பிறகு அந்தத் தெருப்பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. வழக்கமாக ஆடப் போகிற நாள் வந்தால் லேபிலேயே கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டான். கை நன்றாகவே இருந்தது. பல் முன்னைப்போலவே நேர்த்தியாக வந்தது. தூரிகையைத் தொடுவதை மட்டும் விட்டுவிட்டான்.

அப்படியொரு நாள் காலையில், விளக்குச் சுடரில் மெழுகை இளக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பக்கத்தில் வேலை செய்பவன் ஸ்பீக்கரை அமுக்கிக் கொடுத்தான்.

"நல்லா இருக்கீங்களா தம்பி?" அண்ணிதான். அவள் குரலில் இவ்வளவு தெளிவை அவன் கேட்டதே இல்லை. "இப்பல்லாம் கூப்பிட்டா உடனே சாப்பிட வந்துடுறாரு. ஆனா பாதி நேரம் உங்க நினைப்புத்தான். அவர் ஆடி முடிச்சுட்டாராம். உங்க முறைதான் நிக்குதாம்."

"அண்ணி, என்னால வர முடியாது."

"அதைத்தான் நானும் சொன்னேன். பாவம், வேலையிருக்கும், பிடுங்காதீங்கன்னு." போனைத் தள்ளிப் பிடித்து யாரிடமோ என்னவோ கேட்டாள். திரும்பி வந்தாள். "பரவாயில்லையாம் தம்பி. நீங்க வர்ற வரைக்கும் உங்களுக்காக அவரே உருட்டிக்கிறாராம்."

"வேண்டாம்னு சொல்லுங்க. நானே வர்றேன், இப்பவே கிளம்பி வர்றேன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில், "அவன் வர்ற வரைக்கும் இது அவனோட கை" என்றது ஒரு குரல். மரத்தட்டில் பகடைகள் ஓடி நின்றன.

பல்செட் தன் வலது கையைப் பார்த்தான். உருகிய மெழுகு சொட்டுச் சொட்டாக விரல்கள்மேல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது.

சூடு தெரியவில்லை.