இருமலோடு ஒரு வேணாம்

மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறி முடிப்பதற்குள் என் இடுப்பு விட்டுப்போனது. தம்பிக்கு ஆறு வயது, மூட்டை கனம். ஆட்கள் ஏறி இறங்கும் சத்தம் அவனுக்கு ஆகாது. அந்த நேரத்தில் படியில் கால் வைக்க மாட்டான். தூக்கத்தான் வேண்டும்.

அவனுக்கு ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி நிலையத்தில் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு விளையாட்டு. படத்தைத் தொட்டால் சொல் கேட்கும். ஒரு மாதமாகத் தம்பி எதையும் தொடவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும்தான். அப்புறம் வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவேன்," என்று அங்கே டீச்சர் அன்று சொல்லிவிட்டார்.

வீட்டில் தம்ளர் படத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீர் அருந்துக," என்றது.

துணி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "நம்ம வீட்டுல யாருடி நீர் அருந்துறது?"

அதுதானே! ஓரத்தில் மைக் பொத்தான் இருந்தது. அம்மா குரலில் 'தண்ணி' பதிந்தேன். என் குரலில் 'வா'. 'வேண்டாம்' இருந்த இடம் அப்பாவுக்கு.

நாளெல்லாம் சிமென்ட் மூட்டை தூக்கி, தூசி தின்ற தொண்டை. "லொக்... வேணாம்," என்றார். "ஐயோ, இருமிட்டேன். திரும்ப எடும்மா."

அதற்குள் தம்பி விரல் வைத்துவிட்டான். லொக், வேணாம். லொக், வேணாம். இருபது தடவை.

"உங்க இருமலுக்கும் ஒரு ரசிகன்," என்றாள் அம்மா.

சனிக்கிழமை டீச்சர் அதைக் கேட்டு முகம் சுளித்தார். "இதென்ன கொச்சையா? பிள்ளை சுத்தமாக் கத்துக்க வேண்டாமா?"

"முதல்ல கத்துக்கட்டும் டீச்சர். அப்புறம் சுத்தம் பண்ணிக்கலாம்."

டீச்சர் தண்ணீர்த் தம்ளரை அவனிடம் நீட்டினார். "இது என்ன? தொடு."

தம்பி தொட்டான். லொக், வேணாம்.

"தப்பு," என்று நோட்டில் எழுதினார்.

எனக்குச் சுருக்கென்றது. "தப்பில்ல டீச்சர். தம்ளரை நீட்டினீங்க. அவனுக்குத் தாகமில்ல. வேணாம்கிறான். இதைவிட என்ன பதில் வேணும்?"

"நீ சும்மா இரு." மறுபடியும் நீட்டினார்.

தம்பி தம்ளரைத் தள்ளினான். டேப்லெட்டைத் தொடவில்லை. அவனே "லொக்" என்று இருமினான். பிறகு, "ணாம்."

அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல்.

டீச்சர் நோட்டில் 'தப்பு' என்பதை அடித்துவிட்டு, 'மறுத்துப் பேசினான்' என்று எழுதினார். டேப்லெட்டை என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். தம்பியிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.