எதிர்வீட்டுக் கோழிச்சாறு

எதிரே ஜெரார்தா வீட்டிலிருந்து கோழிச்சாறு கொதிக்கிற மணம் வந்தது. அந்த வீட்டில் அடுப்பே கிடையாது. நிலச்சரிவில் சமையலறையோடு பின்பாதி முழுக்கப் பள்ளத்தாக்கில் போய் விழுந்து, முன்சுவரும் கதவும் மட்டும் தெருவைப் பார்த்து நிற்கின்றன. ஜெரார்தாவும் அந்தப் பின்பாதியோடுதான் போனாள்.

தொனாத்தா ஜன்னலைச் சாத்தினாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. சற்றுமுன் கீழே மலைப்பாதைப் பக்கம் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. இடியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். மூட்டை கட்டியாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் மகன் கானியோ காரில் வந்து அவளைப் புது ஊருக்கு அழைத்துப் போய்விடுவான். சரிவுக்குப் பிறகு ரோமில் உட்கார்ந்திருப்பவர்கள் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொடுத்த ஊர் அது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். இவள் மட்டும் வீம்பாக மேலேயே கிடந்தாள். மழை விடட்டும், நாளைக்கு வாடா என்று காலையில்கூடச் சொன்னாள். "நாளைக்குன்னா நீ மனசு மாறிடுவே, உன்னைத் தெரியாதா எனக்கு?" என்று போனில் சிரித்தான், பாவிப் பயல்.

கதவு தட்டும் சத்தம். திறந்தால் யாருமில்லை. படியில் ஒரு பானை, வெள்ளைத் துணியால் மூடி மேலே முடிச்சுப் போட்டு.

அந்த முடிச்சைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். எங்கள் ஊர் பியெத்ராசாலாவில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார் முறைவைத்துச் சமைத்து, இப்படித்தான் துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். முதல் முறை எதிர்வீட்டுக்காரர்களுடையது. துக்கப்பட்டவள் முகத்தைப் பார்க்காமல், தலைகுனிந்து நீட்டுவார்கள். எவனாவது செத்தால்தான் அந்த ஊரில் வாய்க்கு ருசியாகக் கிடைக்கும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைக் கிண்டலடிப்பார்கள். தொனாத்தாவின் புருஷன் போனபோது ஜெரார்தாதான் கோழிச்சாறு கொண்டுவந்தாள், "சூடா இருக்கறப்பவே சாப்பிடுக்கா" என்றபடி.

"இங்க யாரும் சாகலை," என்று வெறுந்தெருவைப் பார்த்துச் சொன்னாள் தொனாத்தா. பானையைத் தொடாமல் கதவைத் தாழிட்டாள்.

கானியோவைப் போனில் கூப்பிட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை. மலைப்பாதையில் எப்போதுமே அப்படித்தான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். பிறகு விறகைத் திணித்து அடுப்பைப் பற்றவைத்தாள். அடுப்பு எரிகிற வீடு துக்க வீடு இல்லை. மகனுக்கு மக்ரோனி வேகவைக்கத் தண்ணீர் ஏற்றினாள்.

மறுபடி தட்டல். திரையை விலக்கிப் பார்த்தாள். பானைக்குப் பக்கத்தில் துணி சுற்றிய ரொட்டி. ரொட்டிக்கடை விதோவின் வீடு ஜெரார்தா வீட்டை ஒட்டி இருந்தது. அவனும் அன்றைக்கே போனவன். படியெல்லாம் சேறு. ஈரமண் வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்து கோழிச்சாற்று மணத்தோடு கலந்தது, அடுப்பு புகைந்தது, அவள் ஊதினாள், கண்ணெரிய ஊதினாள், நன்றாகக் காய்ந்த விறகுதான், ஆனாலும் தணல் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே வந்தது.

இன்னொரு தட்டல். இன்னொன்று. தெரு முழுக்கக் காலடிச் சத்தம். முறைவைத்து வருகிறார்கள். சரிந்துபோன வீட்டுக்காரர்கள் எல்லோரும்.

"வேண்டாம் ஜெரார்தா. என் புள்ளை வந்துட்டிருக்கான். எடுத்துட்டுப் போயிடும்மா," என்று கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

காலடிகள் நின்றன. மழையும். அடுப்பில் ஒரு பொறி இல்லை.

அப்புறம் அந்தத் தட்டல். விரல் முட்டியால் இரண்டு, உள்ளங்கையால் ஒன்று. சின்ன வயதிலிருந்து கானியோ அப்படித்தான் தட்டுவான். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. தாழை நீக்கினாள். இவ்வளவு நேரமாடா என்று திட்ட வாயைத் திறந்தாள்.

கானியோதான். தலைமுடியிலிருந்து சேறு வழிந்தது. அவனுக்குப் பின்னால் தெருவில் எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். இரண்டு கையாலும் ஒரு பானையைப் பிடித்திருந்தான், வெள்ளைத் துணியில் முடிந்து.

அவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சூடா இருக்கறப்பவே சாப்பிடும்மா," என்று நீட்டினான்.