கேட்டால் கையைத் தூக்குங்கள்

மகள் கையைத் தூக்கியபோது காது சோதிக்கும் இயந்திரம் இன்னும் பைக்குள்தான் இருந்தது. பையின் ஜிப்பைக்கூட அம்மா திறந்திருக்கவில்லை. விடுமுறைக்காக வாடகைக்கு எடுத்த அந்தப் புது வீட்டின் கூடத்தில், தரையிலிருந்து கூரைவரை எழும்பிய கண்ணாடிச் சுவரின் முன் நின்று, வெளியே காய்ந்து கிடந்த வயலைப் பார்த்தபடி, ஆறு வயது மகள் வலது கையை மெல்ல உயர்த்தினாள். உயர்த்தியபடியே நின்றாள்.

விளையாட்டு என்றுதான் அம்மாவுக்கு முதலில் தோன்றியது. காது பரிசோதிப்பது அவள் வேலை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள். "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. கேக்குற வரைக்கும் கை மேலயே இருக்கட்டும்." நாள் முழுக்க இதையேதான் சொல்வாள். பள்ளி இல்லாத நாட்களில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்து இறங்கும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகளுக்குக் காது கேட்காது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பே உருவாகவில்லை, கருவி வைத்தும் பயனில்லை என்று டாக்டர் சொன்ன அன்று அம்மாவுக்குள் ஏதோ மரத்துப்போனது, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல. அந்த மரப்பு பிறகு தெளியவேயில்லை.

ஆனால் மகளின் முகத்தில் விளையாட்டு இல்லை. உண்மையாகவே ஒலியைக் கேட்கிறவர்களுக்கென்று ஒரு முகம் உண்டு. கண் எதையும் பார்க்காமல் நின்றுவிடும், உதடு லேசாகப் பிரியும், பார்வை உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். அந்த முகத்தை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள். மகளிடம் ஒருநாளும் பார்த்ததில்லை.

"என்னம்மா, உன் பொண்ணும் தொழில்ல எறங்கிட்டாளா?" என்றபடி நாத்தனார் வந்தாள். இயந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னவளே அவள்தான். "இவருக்குக் காது மந்தம்னு சொன்னா ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. நீயே பாத்துச் சொல்லு."

நாத்தனாரின் கணவர் அச்சகத்தில் காலம் தள்ளியவர். சோபாவிலிருந்து சிரித்தார். "நல்லாத்தான் கேக்குது தங்கச்சி. கேக்காத மாதிரி இருக்கறதுதான் நம்ம குடும்ப வாழ்க்கை."

"நிம்மதியா இருக்கலாம்னு வந்தா இங்கயும் ஆஸ்பத்திரியா?" என்று அலுத்துக்கொண்ட அவள் கணவனும் வேடிக்கை பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அந்த வீடு சோதனைக்கு ஏற்ற வீடுதான். இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி ஒரு குருவியின் குரல்கூட உள்ளே வரவில்லை. புது வண்ணப்பூச்சின் வாடையும், யாரும் உட்கார்ந்து அழுக்காக்காத மெத்தைகளின் வாடையும், காற்று அசையாத ஓர் அடர்த்தியும் கூடத்தை நிறைத்திருந்தன. தன் மூச்சு மூக்கில் உரசுவதுகூட அவளுக்குக் கேட்டது. அச்சகத்துக்காரருக்கு ஹெட்போனை மாட்டி ஒலிகளை அனுப்பினாள். வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் கை தாமதமாகவே எழுந்தது. முடித்து, இயந்திரத்தை அணைத்து, ஹெட்போனைக் கழற்றினாள்.

அவர் கை இறங்கவில்லை.

"முடிஞ்சுதுண்ணா. கையை எறக்குங்க."

"இன்னும் கேக்குதேம்மா."

நாத்தனார் சிரிக்க வாய் திறந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தலையை ஒருபுறம் சாய்த்தாள். "இருங்க. எனக்கும் லேசா…" என்று அவள் கையும் எழுந்தது. சற்று நேரத்தில் கணவனின் கையும். யாரும் பதறவில்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோலத்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கினாள். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினாள். கண்ணாடிச் சுவரில் காதை ஒட்டவைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. பிறகு மின்கம்பியை மறுபடி செருகி, ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு, மெல்லிய ஒலியிலிருந்து தன் காதைச் சோதித்தாள். எல்லாம் கேட்டது. அவள் காதில் ஒரு குறையும் இல்லை. அது மட்டும்தான் கேட்கவில்லை.

"எப்படிங்க இருக்கு அது?" என்று கணவனிடம் கேட்டாள்.

அவன் யோசித்தான். "யாராவது நம்ம பேரைக் கூப்பிட்டு முடிச்ச ஒடனே ஒரு நொடி காதுல நிக்குமே, அப்படி. ஆனா முடியவே மாட்டேங்குது."

"கையை எறக்குங்களேன்."

"கேக்குற வரைக்கும் மேலயே இருக்கட்டும்னு நீதானே சொல்லுவே."

மாலை அப்படியே நகர்ந்தது. நாத்தனார் ஒற்றைக் கையால் தேநீர் போட்டாள். அச்சகத்துக்காரர் ஒற்றைக் கையால் சீட்டுக்கட்டைப் பிரித்தார். பழைய கதைகளைப் பேசினார்கள், ஒருவரையொருவர் கேலி செய்தார்கள். ஒரு கை மட்டும் தலைக்கு மேலே. உயர்த்திய விரல்களிலிருந்து ரத்தம் கீழிறங்கி நகங்கள் வெளுத்துவிட்டன. கணவனின் தோள் நடுங்கியது. அவனுக்கு அது தெரிந்ததாகவே இல்லை. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். எதிர்ப்பில்லாமல் வந்தது. விட்டதும், தண்ணீருக்குள் அமுக்கிய பந்துபோல மேலே போனது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயத்தைத் தேடிப் பார்த்தாள். மரத்த இடம்தான் கைக்குத் தட்டுப்பட்டது. கார் சாவியை எடுத்துக்கொண்டாள். மகளின் இடது கையைப் பிடித்து வெளியே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

சரளைக் கற்கள் காலடியில் நொறுங்கின. கார் வாயிலுக்கு வெளியே சாலையோரம் நின்றது. பாதி வழியில் மகளின் உயர்த்திய வலது கை சற்றுத் தாழ்ந்தது. வாயிலருகே தோள்வரை வந்தது. காரின் கதவைத் திறந்தபோது முழுவதும் விழுந்துவிட்டது.

மகள் தன் கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பழைய முகம் திரும்பியிருந்தது, தாழ்ப்பாள் போட்ட வீடு மாதிரி. அழவில்லை. விரலால் காதைத் தொட்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வீட்டில் அவர்கள் தமக்குள் வைத்திருக்கும் சைகை அது. எங்கே?

மரத்த இடத்தில் எதுவோ சுருக்கென்றது.

சாவி கையில் இருந்தது. குழந்தையைத் தூக்கி உள்ளே போட்டுக் கிளம்பிவிடலாம். கிளம்பினால் இந்தக் குழந்தை இனி ஒருநாளும் எதையும் கேட்கப்போவதில்லை. கிளம்பாவிட்டால் கேட்கும். எது கேட்கும், எதற்காகக் கேட்கும் என்று அவள் யோசிக்க முயன்றாள். மகள் மறுபடியும் காதைத் தொட்டாள். மறுபடியும் உள்ளங்கையை விரித்தாள்.

அவள் கார் கதவைச் சாத்தினாள்.

மகள் முன்னால் ஓடினாள். ஓட ஓடக் கை எழுந்தது.

கூடத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். அம்மாவுக்கும் மகளுக்குமென்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மகள் கண்ணாடிச் சுவரைப் பார்த்த நாற்காலியில் ஏறிக்கொண்டாள்.

"உனக்கு மட்டும் இன்னும் கேக்கலையா?" நாத்தனார் இரக்கத்தோடு கேட்டாள். "பாவம்டி நீ."

அவள் மற்ற நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே வயல் கறுத்துக்கொண்டிருந்தது. மகள் திரும்பி அவளைப் பார்த்தாள். காத்திருந்தாள். இத்தனை ஒளியோடு அந்த முகம் அவளுக்காக ஒருபோதும் காத்திருந்ததில்லை.

அவள் கையைத் தூக்கினாள்.

"கேக்குதா?" என்றான் கணவன்.

"கேக்குதுங்க" என்று பொய் சொன்னாள்.

மகள் சிரித்தாள். பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். வெளிச்சம் முழுதும் போய், கண்ணாடி கரும்பலகையானது. அதில் அவர்கள் எல்லாரும் தெரிந்தார்கள். உயர்ந்த கைகள். வெளுத்த விரல்கள். கடைசியாக அவளுடையது. தோள் வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தது. இப்படியே இருந்துவிடலாம்.

பேச்சு நின்றது.

ஒரு கை இறங்கியது. எல்லாக் கைகளும் இறங்கின. ஒரே நேரத்தில். ஓசையில்லாமல்.

கண்ணாடியில் அவள் கை மட்டும் மேலே நின்றது.

அவள் அதை இறக்க நினைத்தாள். தாமதமாகிவிட்டது. கணவன் பார்த்துக்கொண்டிருந்தான். நாத்தனார். அச்சகத்துக்காரர். யார் முகத்திலும் கோபமில்லை.

மகள் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால், இருட்டில், ஏதோ உயரத்தில் கண்ணை நிறுத்தியிருந்தாள். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலத் தலையை ஒருமுறை ஆட்டினாள். பிறகு, அங்கிருந்து பார்வையை எடுக்காமலே, சின்ன விரலை நீட்டி அம்மாவைக் காட்டிக்கொடுத்தாள்.