ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில்

"ஆளுங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பளபளன்னு துடைச்சு வச்சுட்டியே, மார்வா. புருஷன் கட்டின வீட்டை விக்கிறதுக்கு இவ்வளவு சுறுசுறுப்பா?"

வெர்லீன் பேருந்தின் படியில் நின்றபடியே கேட்டாள். மார்வாவின் புருஷன் ஆரினுக்கு அக்கா அவள். தம்பியின் பேருந்து வீட்டுக்குப் பக்கத்திலேயே தன் டிரெய்லரை நிறுத்திக்கொண்டு, காப்பி இங்கே, வம்பு இங்கே, தூக்கம் மட்டும் அங்கே என்று ஒவ்வொரு குளிர்காலமும் குடித்தனம் நடத்துகிறவள். அரிசோனாவில், வெல்டன் ஊருக்கு வெளியே, இந்தப் பாலைவனத்தில் வண்டிகளிலேயே குடியிருக்கிற அத்தனை பேருக்கும் வெர்லீனின் அபிப்பிராயம் தெரியும். தம்பி தங்கம். தம்பி பெண்டாட்டிதான் வாயாடி.

மார்வா அடுப்பிலிருந்த கிரேவியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பதில் சொன்னால் பேச்சு வளரும். வளர்ந்தால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"பிஸ்கட் ரொட்டி சூடா இருக்கு. உள்ள வந்து சாப்பிடு வெர்லீன்."

"எனக்கு இறங்காதும்மா."

மேசையருகே கிரேடி உட்கார்ந்திருந்தான். ஒரே மகன். அத்தை தொலைபேசியில் அழுத அழுகையில் டென்வரிலிருந்து கிளம்பி வந்திருக்கிறான். வந்ததிலிருந்து அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அப்பா முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்தி ஓட்டின வண்டி இது. ஏலத்துல எடுத்து, கூரையை அறுத்து உசத்தி, ஒவ்வொரு ஆணியா அவரே அடிச்சாரு. உனக்கு முதல்லேருந்தே இது பிடிக்கல. அயோவா வீட்டை விட்டுட்டு வர்றப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுதானே வந்தே. இப்போ அவரையும் இதுலேருந்து பிடுங்கி எறியணுமா?"

உண்மைதான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். அவள் அம்மா விட்டுப்போன வீடு அது. எலுமிச்சை மஞ்சளில் சுவர், ஜன்னலோரம் ஆப்பிள் மரம். அதை விற்ற பணத்தில்தான் இந்தக் கூரை உயர்ந்தது, இந்தச் சமையல் மேடை வந்தது, பின்பக்கத்தில் கட்டில் வந்தது. ஆரின் கேட்டான், அவள் கொடுத்தாள். அதை இன்றுவரை ஒருவரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சியிருக்கும்.

கட்டிலோரத்தில் ஆரின் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். மகன் பேசுவதையும் அக்கா பேசுவதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆறடி மூன்றங்குல ஆம்பளை, கோப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்திருந்தான்.

அந்தக் கோப்பை அவனுக்குச் சரியாகத் தெரிவதில்லை என்பதுதான் சங்கதி. நேராகப் பார்த்தால் சாம்பலை அப்பினாற்போல ஒரு திட்டு. ஓரக்கண்ணில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் கையை விரித்து இரண்டு வருஷமாகிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "யாருக்கும் சொல்லாதே மார்வா. கிரேடிக்கு வேண்டாம். அக்காவுக்கு வேண்டவே வேண்டாம். ஓட்ட முடியாதவன்னு பேர் வாங்கிட்டு என்னால இருக்க முடியாது." சத்தியம் செய்து கொடுத்தாள்.

அன்றிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் நாற்பதடி வண்டியை ஓட்டுகிறவள் மார்வாதான். முதல் நாள் நடுங்கினாள். ஒரு மாதத்தில் நடுக்கம் போய்விட்டது. அப்புறம், சொன்னால் யார் நம்புவார்கள், பிடித்தும் போய்விட்டது! மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து, பெரிய ஸ்டீயரிங்கை வளைக்கிறபோது அவளுக்குள் ஒரு பெண் பாடுவாள். ஆனால் வண்டிகள் நிற்கிற இடம் வருவதற்கு அரை மைல் முன்னால் ஓரங்கட்டிவிடுவார்கள். ஆரின் ஓட்டுநர் இருக்கைக்கு வருவான், அவள் பக்கத்து இருக்கைக்குப் போவாள். "இடது... இன்னும் இடது... மெதுவா... போதும், நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே வருவாள். பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? மாலையில் நெருப்பு மூட்டி உட்காரும்போது வெர்லீன் அதை நடித்துக் காட்டுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆரினும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் மார்வாவால் பொறுக்க முடிந்ததில்லை.

போன மாதம், அந்த அரை மைலில், ஒரு சின்னப் பெண்ணின் சைக்கிள்மேல் மோத இருந்து மயிரிழையில் தப்பினார்கள். இனி அரை மைல்கூடக் கிடையாது என்றாள். அப்படியென்றால் வண்டியே வேண்டாம், விற்றுவிடு, ஆனால் ஏன் என்று சொல்லாதே என்றான் ஆரின். அவள் தலையில்தான் விடிந்தது.

வெளியே கார்ச் சத்தம் கேட்டது. இளம் ஜோடி. கோல்பி, டெஸ், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. உள்ளே வந்ததுமே டெஸ்ஸுக்குக் கண் விரிந்துபோயிற்று. சமையல் மேடையைத் தடவிப் பார்த்தாள், விறகு அடுப்பின் கதவைத் திறந்து மூடினாள்.

"இதை விக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு மேடம்?"

"அதைத்தான் நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றாள் வெர்லீன்.

கோல்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். "நான் இவ்வளவு பெரிய வண்டி ஓட்டினதில்ல. நீங்க முதல்ல ஒரு சுத்து ஓட்டிக் காட்டினா..."

அந்த வழக்கம் மார்வாவுக்குத் தெரியாததல்ல. விற்கிறவர்தான் முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும். "நான் ஓட்டுறேன்" என்று துணியில் கையைத் துடைத்தாள்.

கிரேடி எழுந்துவிட்டான். "நீயா? கடைசித் தடவைகூட அவரை ஓட்ட விடமாட்டியா? அப்பா, நீங்க வாங்க."

ஆரின் எழுந்தான். மார்வா குறுக்கே போய் நின்றாள்.

"வேண்டாம் ஆரின்."

"நான் ஓட்டுறேன்" என்றான் அவன். மகன் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

அவள் அவன் காதோடு சொன்னாள். "ரயில் பாதை வரைக்கும்தான். மண் பாதை, எதிர்ல ஒண்ணும் வராது. அங்க நிறுத்திட்டு இறங்கிடணும். அதுக்கு மேல ஒரு அடி போனாலும் நான் வாயத் திறந்துடுவேன்." பிறகு சத்தமாக, "டெஸ், குழந்தையோட நீ இங்கேயே இரும்மா. வண்டி குலுங்கும்" என்றாள்.

"வாங்க வந்தவங்களையே ஏறாதேங்கிறா பாரு" என்று சொல்லிக்கொண்டே வெர்லீன் ஏறிக்கொண்டாள்.

ஆரின் ஓட்டினான். கைக்கு மறக்கவில்லை. இன்ஜின் சத்தம் சொல்கிறபடி கியர் மாறிற்று. மார்வா பக்கத்தில் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில், "இடது... கொஞ்சம்... நேரா போ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆரம்பிச்சுட்டா" என்றாள் பின்னாலிருந்து வெர்லீன். கோல்பி மரியாதைக்குச் சிரித்து வைத்தான்.

"அம்மா, பின்னால வந்து உக்காரு."

"மெதுவா... பள்ளம் வருது..."

"அம்மா! ஒரு நாளைக்காவது வாயை மூடிட்டு வரமாட்டியா? அந்த மனுஷன் உன்னால பாதி செத்துட்டாரு!"

மார்வா வாயை மூடவில்லை. மூடினால் அஞ்சு உயிர் போய்விடும். "வலது" என்றாள். "இப்போ நேரா."

ரயில் பாதை வந்தது. கேட் இல்லை, மணி இல்லை, எச்சரிக்கைக் குறுக்குப் பலகை மட்டும்தான். ஆரின் வண்டியை நிறுத்தினான். கதவைத் திறந்துவிட்டுக் காது கொடுத்தான். பள்ளிக்கூட வண்டி ஓட்டியவர்களுக்கு அது ரத்தத்தோடு ஊறினது. பிள்ளைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாதையைக் கண்டால் நிறுத்து, கதவைத் திற, கேள். அன்றைக்குக் காற்று சத்தத்தையெல்லாம் கிழக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. பின்னால் வெர்லீன் கோல்பியிடம் பேசிக்கொண்டே இருந்தாள். ஆரினின் காதில் ஒன்றும் விழவில்லை.

அவன் இறங்கவில்லை. கதவை மூடினான்.

"ஆரின், சொன்னேனே..."

"இன்னும் கொஞ்ச தூரம் மார்வா. கிரேடி பார்த்துட்டிருக்கான்." காலை பிரேக்கிலிருந்து எடுத்தான்.

வண்டி நகர்ந்தது. அப்போதுதான் கிழக்கே வளைவிலிருந்து சரக்கு ரயிலின் விளக்கு வெளியே வந்தது. மார்வா கத்தக்கூட இல்லை. குனிந்து, டேஷ்போர்டில் இருந்த காற்று பிரேக்கின் மஞ்சள் குமிழைப் பிடித்து இழுத்தாள். காற்று சீறிற்று. நாற்பதடி வண்டி ஒரே குலுக்கலில் ஆணி அடித்தாற்போல் நின்றது. வெர்லீன் தரையில் விழுந்தாள். மூக்குக்கு முன்னால் ரயில் ஊளையிட்டுக்கொண்டு போயிற்று, பெட்டி பெட்டியாக, முடியவே முடியாதது போல.

கடைசிப் பெட்டி போனதும் வெர்லீன் தரையிலிருந்து கையூன்றி எழுந்தாள். கிரேடிதான் மெல்லக் கேட்டான்.

"அப்பா... அவ்வளவு பெரிய ரயில்... உங்களுக்குத் தெரியலையா?"

"வெயில் கண்ணுல அடிச்சுடுச்சு" என்றாள் மார்வா அவசரமாக. "நான்தான் நச்சரிச்சுக் குழப்பிவிட்டேன். என் தப்பு. அப்பாவை ஒண்ணும் கேக்காதே."

ஆரின் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"போதும் மார்வா. இன்னும் எத்தனை பழிய எனக்காக வாங்கிக் கட்டிக்குவே?" என்றான். பிறகு பின்னால் திரும்பினான். மகன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பொதுவாகப் பார்த்துச் சொன்னான். "எனக்குக் கண்ணு தெரியாதுடா கிரேடி. ரெண்டு வருஷமா. வண்டி ஓட்டுறது உங்கம்மா. மொத்தமும் அவதான். பக்கத்துல உக்காந்து இடது வலதுன்னு கத்துறாளே, அதுதான் என் கண்ணு. நீங்க சிரிச்சப்பல்லாம் நானும் சேர்ந்து சிரிச்சேன்... கோழை. விக்கச் சொன்னதும் நான்தான். பழி அவளுக்கு, பேர் எனக்குன்னு இருந்துட்டேன்."

கிரேடி எழுந்து வந்தான். அம்மாவின் முன்னால் நின்றான். அவள் காலருகே அப்படியே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "இப்பக்கூட உன்னைத் திட்டிட்டேனேம்மா..." என்று மட்டும் கேட்டது. மார்வா அவன் தலைமயிரைக் கோதிவிட்டாள்.

"எழுந்திரு. வண்டி பார்க்க வந்த பையன் பயந்துபோயிருக்கான்" என்றாள்.

ஆரின் இருக்கையை விட்டு எழுந்தான். தடவித் தடவிப் பக்கத்து இருக்கைக்குப் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். "நீ ஓட்டு. எங்கேயும் நிறுத்தாதே. அத்தனை பேரும் பார்க்கிற மாதிரி நடுவுலயே போ."

அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். ரிவர்ஸ் எடுத்து, ஒரே வளைவில் வண்டியைத் திருப்பிய லாவகத்தைப் பார்த்து கோல்பி விசிலடித்தே விட்டான்.

நட்ட நடுப்பகலில் மார்வா டிரெய்லர்களுக்கு நடுவே பேருந்தை ஓட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆரின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "என் பெண்டாட்டி ஓட்டுறா, வழி விடுங்கடா!" என்று சத்தம் போட்டான்.

வண்டி நின்றதும் வெர்லீன் முன்னால் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "மார்வா... நான் பேசினதெல்லாம்..."

"பேசினே. கேட்டேன். போய் எல்லாருக்கும் காப்பி போடு" என்றாள் மார்வா. வெர்லீன் மறுபேச்சில்லாமல் அடுப்படிக்குப் போனாள்.

டெஸ் குழந்தையோடு ஓடி வந்தாள். விஷயம் ஒன்றும் தெரியாதவள். "எப்படி ஓடுது? எங்களுக்குத் தர்றீங்கதானே?"

கோல்பி ஆரினைப் பார்த்தான். ஆரின் இல்லையென்று தலையை ஆட்டினான். "என்னைக் கேக்காதே தம்பி. ஓட்டுறவளைக் கேளு."

எல்லோரும் மார்வாவைப் பார்த்தார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்தே பழகிய மனசு அவளுக்கு. டெஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், கடைசியில் தன் கையில் இருந்த ஸ்டீயரிங்கைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கம்மா. இவ்வளவு தூரம் வரவச்சுட்டேன்" என்றாள். "விக்கல. எனக்கு இது வேணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை ஆரின் கேட்டதே இல்லை. அவன் கை இருட்டில் தேடுகிற மாதிரி நீண்டு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் மார்வா அழுதாள்.