மௌனம்... டேக் ஒன்

போன் அலறியது.

எடிட்டிங் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கத்திரிக்குக் காது கேட்கவில்லை. மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தாள். கத்திரி என்பது கல்லூரி வைத்த பெயர். படத்தை ஈவு இரக்கமில்லாமல் வெட்டுவாள்.

எதிர்முனையில் இன்ஸ்பெக்டர்.

"உங்க அண்ணனைக் கைது பண்ணியிருக்கோம்மா."

அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டில்தான் படப்பிடிப்பு. வகுப்புக்காக எட்டு நிமிடக் குறும்படம். நடிக்க ஆள் கிடைக்காமல் அண்ணனைப் பிடித்து அப்பா வேஷம் கட்டினார்கள். அன்று காலை மேல்வீட்டுக்காரன் மாடிப்படியில் உருண்டு, மண்டை உடைந்து செத்தான். உருளவில்லை, யாரோ தள்ளியிருக்கிறார்கள் என்றது போலீஸ். முந்தின நாள்தான் அவன் கத்திரியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். அண்ணன் அவன் சட்டையைப் பிடித்தான். கட்டடமே வேடிக்கை பார்த்தது.

அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் அண்ணன். அவனும் போய்விட்டால்...?

"சார், அண்ணா எங்க கூடதான் இருந்தார்! அஞ்சு பேரும் சத்தியம் பண்ணுவோம்!"

"ஃப்ரெண்ட்ஸ் சாட்சி கோர்ட்ல எடுபடாதும்மா. அவன் விழுந்த சத்தம் கீழ்வீட்டம்மாவுக்குக் கேட்டிருக்கு. அந்த நேரத்துல உங்கண்ணன் கேமரா முன்னாடி இருந்தான்னு காட்டு. நானே கூட்டிட்டு வந்து விடறேன்."

கத்திரி மொத்தப் பதிவையும் அலசினாள்.

கல்லூரிக் கேமராவில் யாரும் தேதியும் நேரமும் வைக்கவில்லை. எல்லா ஷாட்டும் நள்ளிரவு பன்னிரண்டு என்றது.

சுவர்க் கடிகாரம்?

எல்லா ஷாட்டிலும் மணி நாலு! காட்சிக்குக் காட்சி முள் மாறக்கூடாதென்று பேட்டரியைக் கழற்றியவளே அவள்தான். தலையில் அடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்கு ஓடினாள். கம்பிக்குப் பின்னால் அண்ணன் இரண்டு நாள் தாடியோடு நின்றான். அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான்.

"விடு பாப்பா. படத்தை முடிச்சு மார்க் வாங்கற வழியைப் பாரு."

வழி நெடுக அழுதுகொண்டே திரும்பினாள்.

மறுநாள் காலை, ஒலிப்பதிவு செய்த மைக் பயல் வந்து சாவகாசமாக ஒரு குண்டைப் போட்டான்.

"ஏய், அந்த மௌனம் முதல் டேக்ல 'தொம்'னு ஏதோ விழுந்துச்சே. அது ஒருவேளை..."

கத்திரி துள்ளி எழுந்தாள்!

ஒவ்வோர் இடத்திலும் ஷூட்டிங் முடிந்ததும் ஒரு நிமிடம் வெறும் மௌனத்தைப் பதிவு செய்வார்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும். யாரும் அசையக்கூடாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று இந்தக் கூட்டம் கண்ணை மூடிக்கொள்ளும். அன்று முதல் டேக்கில் சத்தம் புகுந்து கெடுத்தது. மைக் பயல் திட்டிக்கொண்டே இன்னொன்று எடுத்தான்.

அதைவிட முக்கியம், கேமராக்காரன் அன்று ஸ்டாண்டில் நின்ற கேமராவை அணைக்க மறந்திருந்தான்!

குப்பை என்று ஒதுக்கிய ஃபைல்களில் கிடைத்தது. முதல் பிரேமிலேயே அண்ணன் நிற்கிறான். ஒலியை மட்டும் ஓட்டினாள். நாற்பதாவது விநாடியில்...

தொம்!

அதற்குமேல் பார்க்கப் பொறுமை ஏது? இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டாள். அரை மணியில் வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாருங்க சார். என் அண்ணா."

திரையில் படம் ஓடியது. ஆறு பேரும் கண்ணை மூடி நிற்கிறார்கள். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

ஐந்து... பத்து... பதினைந்து...

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

அண்ணன் கண்ணைத் திறந்தான்.

கத்திரியின் கை மவுஸிலேயே விறைத்தது.

கேபிளுக்காகத் திறந்து வைத்திருந்த கதவு வழியாக அண்ணன் வெறுங்காலோடு வெளியே போனான். மற்ற ஐந்து பேரும் சிலையாக நின்றார்கள். அவளும்தான்.

தொம்!

மைக் பயல் முகம் சுளித்தான். கண்ணை மட்டும் திறக்கவில்லை.

ஐம்பத்து மூன்றாவது விநாடி. அண்ணன் திரும்பி வந்தான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். தங்கையை ஒரு தடவை பார்த்தான். பழைய இடத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டான்.

கத்திரிக்கு அழுகைகூட வரவில்லை. அண்ணனை மீட்கக் கிளம்பி, தன் கையாலேயே மாட்டிவிட்டாள். எல்லாம் முடிந்தது.

இன்ஸ்பெக்டர் அவள் கையை மெதுவாக விலக்கி, மவுஸைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"சினிமாவுல போலீஸ் எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் வரும்னு கிண்டல் பண்ணுவீங்க..." பெருமூச்சு விட்டார். "என்னை முதல் ஷோவுக்கே கூப்பிட்டு உட்கார வெச்சுட்டியேம்மா!"