பழுதில்லாத ட்வீட்டர்

அன்று காலையில் மூன்றாவது ஆளும் அதையேதான் கேட்டார். "என்னம்மா, வாயில துணிய வச்சுக்கிட்டா பேசுறீங்க? ஒண்ணும் புரியலையே."

அவள் மருத்துவமனை முன்பதிவு மேசையில் தொலைபேசி எடுப்பவள். கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே அவளுக்குச் சோறு போட்டது அந்தக் குரல்தான். காதில் மாட்டும் கருவியைக் கழற்றித் துடைத்தாள், பக்கத்து மேசைக்காரியுடையதை இரவல் வாங்கிப் பேசிப் பார்த்தாள், வேறு மேசைக்கே மாறி உட்கார்ந்து பார்த்தாள். சனிக்கிழமை என்று அவள் சொன்னால் எதிர்முனைக்குத் தலையில்லாத ஒரு கிழமை போய்ச் சேர்ந்தது. சத்தம் குறையவில்லை. சத்தத்தின் விளிம்புதான் மழுங்கியிருந்தது, தீட்டாத அரிவாள்மணையில் காய் நறுக்குவது போல ஒவ்வொரு சொல்லும் நசுங்கி வெளியே வந்தது. பக்கத்து மேசைக்காரி, "வீட்டுல கொஞ்சிக் கொஞ்சிப் பேசிப் பழகிட்ட, இங்கயும் அதே வருது" என்று கிண்டல் செய்தாள். அவளும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் போர்வைக்குள் இருந்து வந்தது போல இருந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அங்கேயே இருந்த தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, வெந்நீர் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நாற்பதைத் தாண்டி வாழ்க்கைப்பட்டவள் அவள். அவர் நில அளவையர், மனைவியை இழந்தவர். மூத்த தாரம் வானொலியில் செய்தி வாசித்தவளாம். "ரெண்டாந்தாரமாப் போற, யோசிச்சுக்கோடி" என்று அக்கா மென்று விழுங்கிச் சொன்னபோது, அவர் தாமாகவே முன்வந்து ஒரு வாக்குக் கொடுத்தார். மூத்தவளின் துணிமணி, படங்கள், குரல் பதிந்த நாடாக்கள் எல்லாவற்றையும் ஒழித்துக் கட்டிவிட்டதாகவும், இனி அந்த வீட்டில் கேட்கப்போவது இவள் குரல் மட்டும்தான் என்றும் சொன்னார். யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அவள் தன் வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே பழைய பொருள் கூடத்து ஸ்பீக்கர் ஜோடி. இடுப்பளவு உயரம், தேக்குப் பெட்டி, முன்னால் பழுப்புத் துணி. நல்ல பாட்டுக் கேட்கத்தான் வைத்திருக்கிறேன் என்றார் அவர். அந்தத் துணிக்குப் பின்னால், மேல்பாதியில், கைக்கடிகார அளவில் ஒரு கறுப்புப் பட்டுக் குமிழ் இருக்கும். அதுதான் ட்வீட்டர். தாளத்தின் கிணுகிணுப்பு, மூச்சின் சீறல் மாதிரியான மெல்லிய கீச்சொலிகளெல்லாம் அதன் வழியாகத்தான் வரும். இரண்டு ட்வீட்டர்களும் செத்துப்போய்விட்டன, வெளியூர் மெக்கானிக் ஒருவருக்கு அனுப்பிச் சரிசெய்ய வேண்டும் என்று ஒருநாள் சொன்னார்.

"நீயே கழட்டிடேன். உன் விரல் மெல்லிசு, எனக்கு அந்தப் பதம் வராது."

அந்த வார்த்தையில் குளிர்ந்துபோனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இவள் தரையில் மண்டியிட்டுச் செய்தாள். முதலில் துணிச்சட்டத்தை நெம்பி எடுத்தாள். உள்ளே பழைய மரத்தின் வாசனையும் சுட்ட தூசியின் வாசனையும் அடித்தன. எந்தக் கம்பி எந்த முனையில் என்று மறக்காமல் இருக்கக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். திருகாணிகளைக் கழற்றும்போது திருப்புளி தானாக ஒரு பக்கம் இழுபட்டது. உள்ளே காந்தம் இருக்கிறது, விட்டால் முனை குமிழில் குத்திக் கிழித்துவிடும் என்று அவர் எச்சரித்ததால், இடது உள்ளங்கையைக் குமிழுக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு வலது கையால் திருகினாள். கழற்றியவற்றின் முதுகில் இடது, வலது என்று ஒட்டுத்தாளில் எழுதினாள். குமிழ்கள் நசுங்காதபடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்டிக் மூடி கவிழ்த்து, பஞ்சு சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, கூரியர்காரனிடம் கொடுக்கும்போது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவளைப் போல, பார்த்துக் கொண்டுபோ என்று அவள் சொன்னதற்கு அவன் சிரித்தான்.

திரும்பி வந்ததும் பொருத்தியவளும் அவள்தான். பொருத்தி முடித்ததும் அவர் மெதுவாக ஒரு விஷயம் சொன்னார். "புதுசா வேலை பார்த்த ட்வீட்டர் இறுகிக் கிடக்குமாம். பக்கத்துல வாய வச்சு, கொஞ்ச நாளைக்குப் பேசிப் பழக்கணுமாம். மெக்கானிக் சொன்னாரு."

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவர் உள்ளறையில் இருப்பார். உதடு துணியில் உரசும் தூரத்தில், முதல் நாள், பேப்பரில் இருந்ததை வாசித்தாள். மறுநாள் மருத்துவமனைக் கதைகளைச் சொன்னாள். வரவர, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பா எப்போது போவார் என்று தான் காத்திருந்ததை, தனக்கு யாரும் வரமாட்டார்கள் என்று கண்ணாடி முன் அழுததை, இந்த மனிதர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் போதெல்லாம் இன்னும் வயிற்றுக்குள் என்னவோ செய்வதை. கூச்சமாக இல்லை. அந்தப் பெட்டி காதைக் கொடுத்துக் கேட்டது. பேசி முடித்து எழுந்திருக்கும்போது நாக்கின் நுனி மட்டும் லேசாக மரத்திருக்கும். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் அக்காவைக் கூப்பிட்டாள்.

"யாரு?" என்றாள் அக்கா.

"நான்தாங்க்கா."

"யாரு வேணும் உங்களுக்கு?"

"அக்கா, நான்தான் பேசுறேன்."

"இங்க பாருங்க, இது என் தங்கச்சி நம்பரு. அவ போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அவ எங்க?" அக்காவின் குரலில் பயம் தெரிந்தது. இவள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அந்தப் பயம் கூடியது, கடைசியில் அழைப்பு அறுந்துபோனது. இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை என்பது அவள் தலையில் இறங்க நேரம் பிடித்தது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

பிறகு அந்த மெக்கானிக்கின் எண்ணைத் தேடி எடுத்தாள். கூரியர் ரசீதைப் படம் பிடித்து வைத்திருந்தாள். அவர் நல்ல மனிதராகத்தான் பேசினார், இவள் சொல்வது புரியாமல் இரண்டு மூன்று முறை கேட்டாலும் கோபப்படவில்லை.

"பேசிப் பழக்கணுமா? யாரும்மா சொன்னது? அப்படி ஒரு வழக்கமே கிடையாது. வாய் ஈரம் பட்டா கெட்டுல்ல போயிடும்."

அவள் கைப்பேசியை மறுகாதுக்கு மாற்றினாள்.

"அதுல பழுதும் இல்லம்மா. சார்கிட்ட அப்பவே சொன்னேனே. அவர்கிட்ட இருக்கிற நாடா போட்டுப் போட்டுத் தேஞ்சிருக்கு, அந்தம்மா குரல்ல கீச்சு பூரா போயிருச்சு. ட்வீட்டர் என்ன பண்ணும், பாவம். அப்புறம் அவருதான் கேட்டாரு, இதையே மைக் மாதிரி மாத்தித் தர முடியுமான்னு. ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே சாதிதான், கம்பிய எந்தப் பக்கம் கொடுக்கிறோம்கிறதுல இருக்கு. மாத்திக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டேன், தேஞ்சுபோனத எங்கயிருந்தாவது எடுத்து நிரப்பணும்னாரு. சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, அவமானம். நாடா இருக்கிறது. ஒழித்துக் கட்டியதாகச் சொன்ன நாடா, தேயத் தேயக் கேட்கப்பட்டிருக்கிறது. இவள் வேலைக்குப் போன பகல்களிலெல்லாம், இவள் துடைத்து வைத்த கூடத்தில். வாக்குக் கொடுத்து, காதில் பூச்சுற்றி, மெல்லிய விரல் என்று முகஸ்துதி செய்து, அவள் கையாலேயே கழற்ற வைத்து, அவள் கையாலேயே பொருத்த வைத்திருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று ஊரில் சொல்வார்களே, அதைத்தான் அவள் திருப்புளி பிடித்துச் செய்திருக்கிறாள். சண்டை போட வேண்டும், முகத்துக்கு நேரே கேட்க வேண்டும், கேட்டுவிட்டு இன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மழை கட்டி நின்ற பிற்பகல். தெருவில் மின்சாரம் இல்லை. இஸ்திரிக் கடைக்காரன் வாசலில் விசிறிக்கொண்டு நின்றான், மாவு மில் ஓசையில்லாமல் கிடந்தது, குடியிருப்பின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோயிருந்தது. இருட்டுப் படிகளில், சுவரைத் தொட்டுத் தொட்டு, ஈரச் சிமெண்டின் நாற்றத்தை மூக்கில் வாங்கிக்கொண்டு அவள் ஏறினாள். மேலே யார் வீட்டிலோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். தெளிவான குரல். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போன்ற குரல். ஒவ்வொரு சொல்லும் முனை மழுங்காமல் வந்து விழுந்தது.

அவள் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளினாள். கூடத்துத் திரைகளை இழுத்து விட்டிருந்தார். மின்விசிறி அசையாமல் தொங்கியது. பெட்டிகளுக்கு எதிரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் இவள் ஒருநாளும் பார்த்திராத ஒரு நிம்மதியோடு. மேசையில் அந்தப் பழைய நாடாக் கருவி. அதன் சக்கரங்கள் சுற்றவில்லை. ஓடுவதற்கு மின்சாரமும் இல்லை.

குரல் பேசிக்கொண்டிருந்தது.

அது செய்தி வாசிக்கவில்லை. "அப்பா எப்போ போவாருன்னு காத்திருந்தேன்" என்றது. "கண்ணாடி முன்னால நின்னு அழுதேன்" என்றது. "நீங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டா வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது" என்றது. யாரோ ஒருத்தியின் தொண்டை. அதில் ஏறியிருந்த கூர்மை மட்டும் இவளுடையது. சகரம் ஒவ்வொன்றும் இவளுடையது.

அவர் சிரித்தார். காதலில் சிரிக்கிற சிரிப்பு.

அவள் நகரவில்லை. மூச்சுவிடவும் பயந்தாள்.

குரல் நின்றது. பிறகு, தாழ்ந்து, "யாரோ வந்திருக்காங்க" என்றது.

"அவதான்" என்றார் அவர். திரும்பிப் பார்க்கவில்லை. "சீக்கிரம் வந்துட்டா போல. நீ இரு."

என்னங்க இது, என்று கேட்க வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. நாக்கு புரண்டது. தொண்டையில் ஒன்றுமில்லை.

"என்னங்க இது?" என்றது இடதுபக்கப் பெட்டி.

கத்தினாள். வலதுபக்கப் பெட்டி கத்தியது. திரைச்சீலை அதிர்ந்தது. அவர் முகம் சுளித்து, கருவியில் இருந்த ஒலியளவுத் திருகைக் கொஞ்சம் குறைத்தார். கத்தல் சின்னதாகிப் போனது. அவள் இன்னும் முழுபலத்தோடுதான் கத்திக்கொண்டிருந்தாள்.

கதவுப் பக்கம் திரும்பினாள். கால் கேட்கவில்லை. முழங்கால் மடிந்தது, தினமும் மடிந்து பழகிய அதே இடத்தில். பெட்டியின் முன்னால்.

அவர் எழுந்து வந்தார். கோபமில்லை. தோளைத் தொட்டார், அவள் மீது அவருக்கு எப்போதும் இருந்த அதே பரிவோடு. துணிச்சட்டத்தை நெம்பி எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

அவளிடம் கேட்கவில்லை.

"இருக்கு" என்றது குரல். "மூச்சு இருக்கு. என்கிட்ட மூச்சுச் சத்தம் இல்லவே இல்லையே. செய்தி வாசிக்கிறவ, மூச்சு கேக்காம வாசிச்சுப் பழகினவ."

"சரி" என்றார்.

பின்தலையில் அவர் உள்ளங்கை. மெத்தென்று. முன்னால் தள்ளியது. சுட்ட தூசியின் வாசனை. உதட்டில் குமிழின் பட்டு. சில்லென்று.

அவள் கண்கள் திறந்திருந்தன. அவ்வளவு கிட்டத்தில், அந்தச் சின்னக் கறுப்புக் குமிழ் நன்றாகத் தெரிந்தது. அது உள்ளே அமுங்கியது. வெளியே புடைத்தது. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. நிதானமாக, தூங்குகிற பிள்ளையின் நெஞ்சைப் போல. கூடம் முழுக்க ஒரு பெண் மூச்சுவிடும் சத்தம் பரவியது.

அவள் நெஞ்சு அசையாமல் இருந்தது.